துரிசு கலந்த தண்ணீரும் செம்புச் சோதனைக் கிட்டும்

குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டம். மழைக்கு முன்னால் துரிசும் (மயில்துத்தம், செம்பு கலந்த உப்பு) சுண்ணாம்பும் கலந்து மரத்துக்கு அடிப்பார்கள். முதல் மழையில் அது ஓடைக்கு வரும். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் என் இறால் தொட்டிகளுக்கு எடுக்கிறேன். அதனால் நாகர்கோவிலில் ஒரு செம்புச் சோதனைக் கிட் வாங்கினேன்.

பயன்படுத்துவது சுலபம். குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். செய்முறைத் தாளில் தமிழில் ஒரு வரிகூட இல்லை.

பெரிய குறை, அட்டையில் பூஜ்யத்துக்கு அடுத்த படியே லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்தான் என்பது. கால்சியம் குறைந்த மென்னீரில் அதற்கும் வெகு கீழே, 0.05 மில்லிகிராம் இருந்தாலே டாப்னியா என்ற சின்ன நீர்த்தெள்ளுப்பூச்சி செத்துவிடும். இறாலும் நத்தையும்கூடத் தாங்காது. அவற்றின் இரத்தத்திலேயே செம்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீரில் மிகும் செம்பு செவுளைக் கெடுத்து, உடம்புக்கு வேண்டிய சோடியத்தை எடுக்கவிடாமல் செய்துவிடும். அதே நீரில் மீன் சாதாரணமாக நீந்திக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

மீனுக்குச் செம்பு மருந்து போடுபவர்கள் அளவு பார்க்க வாங்கலாம். இறால், நத்தை வளர்ப்பவர்களுக்கு இது பற்றாது. நான் இப்போது புதுத் தண்ணீரில் கொஞ்சம் டாப்னியாவை விட்டு இரண்டு நாள் பார்க்கிறேன். அப்புறம்தான் தொட்டியில் ஊற்றுகிறேன்.