டாய்ச்லாண்ட் டிக்கெட்: படிப்பு முடியும் வரை ஊர் சுற்றிப் பார்த்ததில்

ஜெர்மனியின் மாதப் பயணச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் யாருக்கு லாபம் என்று கேட்டால், கையில் காசு குறைவாகவும் சனி ஞாயிறு முழுதாகவும் இருப்பவர்களுக்கு. அதாவது மாணவர்களுக்கு. 2023 அக்டோபரில் மாஸ்டர்ஸ் படிக்கக் கிழக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் வந்தேன். இப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இடைப்பட்ட காலத்தில் ஊர் சுற்றியதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு டிக்கெட்டில்தான். ஜெர்மனிக்குக் கிளம்பத் தயாராகும் தம்பி தங்கைகள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நாடு முழுக்க ஆர்இ, ஆர்பி என்று ஓடும் ரீஜனல் ரயில்கள், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், மெட்ரோ, டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் மாதம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. மாணவர்களுக்கு இதில் 60 சதவீதம்தான் விலை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் செமஸ்டர் கட்டணத்தோடேயே வாங்கிவிடுவார்கள், எனக்கு வேண்டாம் என்று சாதாரணமாக ஒதுங்க முடியாது. 2025 குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி ஆறு மாதத்துக்கு 208.80 யூரோ.

நான் வந்தபோது பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கும் வங்கிக் கணக்கு) மாதம் 934 யூரோ கைக்கு வரும். அறை வாடகை, இன்ஷூரன்ஸ், அரிசி பருப்பு போக மிஞ்சுவதில் ஐசிஇ டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்கினால் அந்த வாரச் சமையல் சாமானுக்குக் கை கடிக்கும். முன்கூட்டியே வாங்கினால் மலிவுதான். ஆனால் அசைன்மென்ட் எப்போது முடியும், மழை எப்போது விடும் என்று மூன்று வாரம் முன்னால் யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை காலை எழுந்து ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்பதுதான் என் கணக்கில் இந்த டிக்கெட்டின் பெரிய வசதி. விலை அதற்கு அப்புறம்தான்.

கெம்னிட்ஸ் போன்ற ஊருக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டரை லட்சம் பேர் வசிக்கும் ஊர், ஆனால் தொலைதூர ரயில் என்று பெயர் சொல்ல அதிகம் கிடையாது. ரீஜனல் ரயிலை விட்டால் வேறு கதி இல்லை. ஒரு சுகம் உண்டு: டிராம் நேராக ரயில் நிலையத்தின் கூரைக்குள்ளேயே வந்து நிற்கும், இறங்கிப் பத்து அடி நடந்தால் பிளாட்பாரம். டிரெஸ்டன் ஒரு மணி நேரம், லைப்சிக்கும் அவ்வளவுதான். லைப்சிக் போகும் பாதையில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் போனபோதெல்லாம் டீசல் வண்டிதான். பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டி தாமதமானால் நம் வண்டியும் வழியில் நின்று அதற்கு வழிவிட வேண்டும். வெளியே கடுகு வயல் பூத்திருந்தால் பரவாயில்லை, டிசம்பரில் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

போனதில் எனக்கு மிகவும் பிடித்தது சாக்ஸன் ஸ்விட்சர்லாந்து. பெயரில் ஸ்விட்சர்லாந்து இருந்தாலும் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் எல்பே நதியோரம் உள்ள மணற்பாறை மலைகள். டிரெஸ்டனில் எஸ்1 என்ற எஸ்-பானில் ஏறினால் ஆற்றை ஒட்டியே போகும். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ராதன் என்ற சிற்றூரில் இறங்கி அக்கரை போக வேண்டும். அந்தப் படகைத்தான் நான் ஒவ்வொரு முறையும் வேடிக்கை பார்ப்பேன். எஞ்சின் கிடையாது. ஆற்றின் மேற்புறம் நங்கூரம் போட்ட ஒரு நீண்ட கம்பியில் படகைக் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி படகைச் சற்றே சாய்த்துத் திருப்புவார், ஓடும் தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் சேர்த்துவிடும். சத்தமே இல்லாமல். இதற்கு மட்டும் தனியாகச் சில்லறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லாது. அங்கிருந்து படியேறினால் பாஸ்டை பாறை, ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரம். 1851-இல் கட்டிய கல்பாலம் பாறைகளுக்கு நடுவே நிற்கிறது. பத்து மணிக்கு மேல் போனால் போட்டோ எடுக்க வரிசை. எட்டு மணிக்கே போய்விட்டால் பாலம் உங்களுக்கே. கொண்டுபோன புளிசாதத்தை மேலே உட்கார்ந்து சாப்பிட்டால் மதியச் செலவும் மிச்சம்.

அடுத்து டிசம்பர் மாத எர்ட்ஸ்கெபிர்கே மலையூர்கள். அன்னபெர்க் பக்கம் போகும் ரயிலில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போது பாருங்கள், வழியில் வரும் வீட்டு ஜன்னல்களில் எல்லாம் வில் வடிவத்தில் விளக்கு வரிசை. பழைய சுரங்கத் தொழிலாளர் ஊர்கள் அவை. வெளிச்சமே காணாமல் வேலை செய்தவர்களின் வழக்கம். பெரிய ஊர்களின் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்தைவிட எனக்கு இது மேல்.

சரி, நீண்ட பயணங்கள். முதல் செமஸ்டரில் எல்லோரும் செய்வோம்: ஹோஃப் வழியாக மியூனிக், அங்கிருந்து எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை இந்த டிக்கெட் செல்லும் என்பது உண்மை, அதற்காகவே பலர் போகிறார்கள். ஆனால் கெம்னிட்ஸிலிருந்து மியூனிக் வரவே ஆறு மணி நேரத்துக்கு மேல். சனிக்கிழமை போகவும் ஞாயிற்றுக்கிழமை வரவும் சரியாகிவிடும். நடுவில் ஒரு ஹாஸ்டல் படுக்கைக்குக் காசு கொடுத்து, மார்க்கெட் சதுக்கத்தில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவோம். திங்கள் காலை லேபில் தூக்கம் வேறு. போக்குவரத்தில் மிச்சம் பிடித்ததைத் தங்குமிடம் விழுங்கிவிடும். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் தாண்டினால் வேண்டாம் என்று அப்புறம் நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். அதற்குமேல் போக வேண்டுமென்றால் இரவு பஸ்ஸோ, முன்பதிவு செய்த ஐசிஇயோ மேல்.

வரம்பை மீறிப் போனது மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹம் ஊருக்கு. அங்கே ஈழத்தமிழர்கள் கட்டி 2002-இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, கோடையில் தேர்த் திருவிழா. லைப்சிக், ஹாலே, காசெல் என்று மாறி மாறிப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆனது. தொழிற்பேட்டைக்கு நடுவே திடீரென்று கோபுரம், நாதஸ்வரம், அர்ச்சனைத் தட்டோடு வரிசை. மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "எங்கயிருந்து வாறியள் தம்பி?" என்றார். கெம்னிட்ஸ் என்றேன். "அது எங்க கிடக்கு?" முப்பது வருடமாக ஜெர்மனியில் இருப்பவராம். கிழக்குப் பக்கம் வந்ததே இல்லையாம். மறுநாள் பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம் நடக்கும், இருந்து பார்க்க ஆசைதான். திங்கட்கிழமை வகுப்பு விடவில்லை.

இனி எரிச்சல்கள். வார இறுதியில்தான் தண்டவாள வேலை செய்வார்கள். ரயிலுக்குப் பதில் எஸ்இவி பஸ் ஓடும், அது நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. வெள்ளி இரவே ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பில் ரீஜனல் மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வண்டி மாறிவிடலாம் என்று நம்பவே நம்பாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் நஷ்டஈடு உண்டு, தொகை 1.50 யூரோ, அதுவும் 4 யூரோ சேர்ந்தால்தான் தருவார்கள். படிவம் நிரப்பும் நேரத்தில் சாம்பார் வைத்துவிடலாம். தெற்கே மலைப்பக்கம் போகும் சில வண்டிகள் வழியில் பிரிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போகும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். டிக்கெட் பெரும்பாலும் போனில்தான் இருக்கும், சார்ஜ் போய்விட்டால் பரிசோதகரிடம் காட்ட ஒன்றும் இருக்காது, அபராதம் 60 யூரோ. பவர் பேங்க், போட்டோ உள்ள அடையாள அட்டை இரண்டும் பையிலேயே கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். வீட்டில் தயிர் தீர்ந்துவிட்டது என்பதற்காகவே லைப்சிக் போய்வந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

ஜனவரி கடைசியிலிருந்து தேர்வுக் காலம், அந்த வாரங்களில் யாரும் எங்கும் போவதில்லை. வாரம் பகுதி நேர வேலையும் பார்த்தால் சனிக்கிழமை தூங்கத்தான் தோன்றும். மாணவர் விலையில் இருந்தவரை டிக்கெட் சும்மா கிடப்பது உறுத்தவில்லை, டிராமுக்கே பாதி கழிந்துவிடும். படிப்பு முடிந்து முழு விலை கொடுக்கும்போதுதான் தெரிகிறது. அடுத்த மாதம் வெளியூர் போகமாட்டேன் என்று தெரிந்தால் இந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிடுகிறேன். இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும். ஒரு நாள் பிந்தினால் அடுத்த மாதத்துக்கும் 63 யூரோ போகும்.

வேலை கிடைத்தால் நிறுவனம் வழியாக வாங்கும் ஒரு வகை இருக்கிறது. முதலாளி குறைந்தது 25 சதவீதம் கொடுத்தால் மேலும் 5 சதவீதம் தள்ளுபடி. அடுத்த இன்டர்வியூவில் சம்பளப் பேச்சு முடிந்ததும் இதைத்தான் கேட்பதாக இருக்கிறேன்.