இ-ரீடர்: பேட்டரி மாற்றிய கையோடு எழுதுவது

"மின்புத்தகம் படிக்க ஒரு இ-ரீடர் வாங்கலாம்னு இருக்கேன், நீதான் வருஷக்கணக்கா வெச்சிருக்கியே, எதை வாங்கறது?" என்று நண்பன் கேட்டான். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் என்னுடையதையே சொல்லியிருப்பேன். நடுவில் பேட்டரி மாற்ற வேண்டி வந்துவிட்டது. அதனால்தான் பதில் இவ்வளவு நீளம். கம்பெனி பெயர் வேண்டாம். ஆறு அங்குலத் திரை, 2013-ல் வாங்கியது, உள்விளக்கு கிடையாது, தொடுதிரை அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும் ரகம். இது தெரிந்தால் போதும்.

திரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்தாளுக்குள் பொடிப்பொடியான உறைகள், அவற்றில் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள். பக்கம் திருப்பும்போது மட்டும் மின்சாரம் பாய்ந்து எது மேலே வரவேண்டுமோ அதை மேலே கொண்டுவரும். அப்புறம் துகள் நின்ற இடத்தில் நிற்கும், செலவே கிடையாது. இதெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். ஆனாலும் பழைய பேட்டரியைக் கழற்றி மேசையில் தனியாக வைத்த பிறகும், திரையில் "சார்ஜ் செய்யவும்" என்ற படம் அசையாமல் இருந்ததைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். உயிரே இல்லாத சாதனம் சார்ஜ் கேட்கிறது!

அகச்சிவப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. திரையின் விளிம்புச் சட்டத்துக்குள் வரிசையாகக் குட்டி எல்.ஈ.டி.கள். அவற்றின் கதிரை எது மறித்தாலும் அதை விரல் என்று நம்பிவிடும். பென்சில் முனை போதும், கரண்டிக் காம்பு போதும், கையெல்லாம் மாவாக இருந்தால் மணிக்கட்டு போதும். ஒரு ஐப்பசி மழை ராத்திரி, மேசை விளக்கைத் தேடி வந்த ஈசல் ஒன்று திரையில் விழுந்து நெளிந்த நெளியலில் நாலைந்து பக்கம் பறந்துவிட்டது. மனிதன் சொல்வதைக் கேட்காத எந்திரங்களைப் பற்றி அறிவியல் புனைகதைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என்னுடையது ஈசல் சொன்னதைக் கேட்டது.

தமிழ் மட்டும் தகராறு. அந்தக் காலத்து மென்பொருளுக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. கொம்பு போய் எழுத்துக்குப் பின்னால் நிற்கும். ஆறு அங்குலத்துக்குப் பக்கம் அமைத்து பி.டி.எஃப். ஆக்கிப் போட்டுக்கொள்கிறேன், பழகிவிட்டது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்ததில் உள்ளே ஏதோ குழம்பிவிட்டது போல. புதுசு போட்டும் துவக்கத் திரையைத் தாண்டவில்லை. சரி என்று ஃபேக்டரி ரீசெட் கொடுத்தேன், அதாவது எல்லாவற்றையும் அழித்து, புதுசாக வாங்கிய நிலைக்குக் கொண்டுபோவது. உடனே எழுந்துகொண்டது. எழுந்ததும் அது கேட்ட முதல் கேள்வி, "உங்கள் கணக்கில் உள்நுழையவும்." வைஃபை கொடுத்தால் கம்பெனி சர்வரோடு பேச முடியவில்லை என்கிறது. சர்வர் அசல்தானா என்று சரிபார்க்க இந்தப் பழைய மென்பொருளுக்குத் தெரிந்த பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் காலாவதி. புது மென்பொருளை இறக்க உள்ளே போகவேண்டும், உள்ளே போகப் புது மென்பொருள் வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் பேசினால், மிகப் பணிவாக, "அந்த மாடலுக்கு இப்போது ஆதரவு இல்லை சார், புது மாடலுக்குத் தள்ளுபடி தருகிறோம்" என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியது, திரை நன்றாக இருக்கிறது, பேட்டரி புதுசு, மெமரி கார்டு நிறையப் புத்தகம். கடைக்காரன் தலையாட்டாமல் ஒரு பக்கம் திறக்காது.

இந்தச் சாதனத்தின் உருவத்தை அறிவியல் புனைகதைக்காரர் ஆர்தர் சி. கிளார்க் 1968-லேயே சொல்லிவிட்டார். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' நாவலில் விண்வெளிப் பயணி தட்டையான 'நியூஸ்பேட்' ஒன்றில் பூமியின் பத்திரிகைகளைப் படிப்பார். அதே பெயரில் குப்ரிக் எடுத்த படத்திலும் அப்படிப்பட்ட பலகைகள் சாப்பாட்டு மேசையில் கிடக்கும். 2011-ல் ஆப்பிளோடு நடந்த வழக்கில் சாம்சங், இந்த வடிவம் ஆப்பிளின் கண்டுபிடிப்பு இல்லை என்று காட்ட அந்தக் காட்சியையே சான்றாகக் கொண்டுபோய் நீட்டியது. ஆனால் கிளார்க்கின் ஆள் எங்கேயும் பாஸ்வேர்டு மறந்து நிற்பதில்லை. சாதனத்தின் குணத்தைக் கண்டுகொண்டவர் பிலிப் கே. டிக்தான். 1969-ல் வந்த 'யூபிக்' நாவலில் ஒருவனுடைய வீட்டுக் கதவே திறப்பதற்குச் சில்லறை கேட்கும். அவன் கத்தியை எடுத்துத் திருகாணியைக் கழற்ற ஆரம்பிப்பான், கதவு வழக்குப் போடுவேன் என்று மிரட்டும். முதல் தடவை படித்தபோது நையாண்டி என்று நினைத்துத்தான் ரசித்தேன். இப்போது படித்தால் பயனர் கையேடு மாதிரி இருக்கிறது.

நானும் திருகாணியைத்தான் கழற்றினேன், மென்பொருளில். யூ.எஸ்.பி.யில் கணினியோடு இணைத்தால் சாதனத்தின் நினைவகம் டிரைவாகத் தெரிகிறது. மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பு, அதாவது சாதனம் தன் தகவல்களை அட்டவணைகளாக எழுதி வைக்கும் ஒரே கோப்பு. திறந்து பார்த்தால் பயனாளர் அட்டவணை காலியாக இருக்கிறது. அதில் ஒரு வரி சேர்த்தேன், பெயர் ஜீனோ. (சுஜாதா வாசகர்களுக்கு அந்த எந்திர நாயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.) கேபிளைப் பிடுங்கி மறுபடி துவக்கியதும், சர்வரும் வேண்டாம் சான்றிதழும் வேண்டாம் என்று ஜீனோவின் நூலகத்தைத் திறந்துவிட்டது. அவ்வளவு பெரிய பூட்டுக்கு இவ்வளவு சின்னச் சாவி. கம்ப்யூட்டரோடு இத்தனை வருடம் மாரடித்ததற்கு அன்றைக்குத்தான் வட்டி கிடைத்தது.

நியாயமாகவும் பேச வேண்டும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட சாதனத்துக்கு எந்தக் கம்பெனியும் ஆயுள் முழுக்க சர்வர் நடத்தாது, புரிகிறது. நடத்த வேண்டாமே! ஆதரவை நிறுத்தும் முன்னால், கணக்கு இல்லாமல் திறக்க வழிசெய்யும் கடைசி மென்பொருள் ஒன்றை வெளியிட்டுவிட்டுப் போகலாம். எஸ்கியூலைட் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இந்த இடத்தில் சாதனத்தைக் குப்பையில்தான் போட்டிருப்பார்கள்.

ஆகவே நண்பா, வாங்குமுன் மூன்றைப் பார். கணக்கு இல்லாமல் திறக்கிறதா, மெமரி கார்டு போட முடிகிறதா, சாதாரண இபப் (மின்புத்தகங்களுக்கான பொது வடிவம்) கோப்பைக் கேபிள் வழியாக ஏற்றினால் படிக்கிறதா. அடுத்தது, காசு கொடுத்த புத்தகம் உன் கணினியில் இருக்கட்டும். கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ல் எடுத்துவிட்டது. எல்லாரும் அந்தத் திசையில்தான் போகிறார்கள்.

என்னுடைய மாடலை வாங்கலாமா என்றால், வேண்டாம். யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நேற்று ராத்திரி ஒரு மணி வரை அதில்தான் படித்துக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம். உதிரி பாகத்துக்காக அதே மாடல் ஒன்றைப் பழைய சாமான் விற்கும் இடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். நீ போய் விலை கேட்டு ஏற்றிவிடாதே.