நீதிபதி ஆசனத்தில் ஜோசப் வெல்ச்: கிரைடீரியன் புளூ-ரே வாங்குமுன்

'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1959) என்ற கொலை வழக்குப் படத்தை அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் 2012இல் புளூ-ரேயாக வெளியிட்டது. புளூ-ரே தட்டுகளும் பிளேயர்களும் உலகப் பகுதிவாரியாக ஏ, பி, சி என்று வலயம் பிரிக்கப்பட்டவை. அது ஏ வலயத் தட்டு; இலங்கையோ சி வலயம். கொழும்பில் விற்கும் சாதாரண பிளேயரில் இது ஓடாது. தட்டுப் பழுதென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எல்லா வலயமும் ஓடும் பிளேயரோ அமெரிக்கப் பிளேயரோ தேவை. டிவிடிக்கு வலயம் திறந்திருந்தால் புளூ-ரேக்கும் திறந்திருக்கும் என்றில்லை, கடையில் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிளேயரின் பின்புறத்தில் 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால், நமது 230 வோல்ட்டில் நேரே செருகக்கூடாது. உள்ளே மின்வழங்கி எரிந்துவிடும்.

இத்தனை சிரமமும் வெல்ச்சுக்காகவே தகும். 1954இல் செனட் விசாரணையில் அமெரிக்க இராணுவத்துக்காகத் தோன்றிய சட்டத்தரணி அவர். தம் அலுவலகத்து இளம் சட்டத்தரணி ஒருவர்மீது செனட்டர் ஜோசப் மக்கார்த்தி கம்யூனிசப் பழி போட்டபோது, ஜூன் 9 அன்று, கண்ணியம் என்று எதுவுமே மிச்சமில்லையா என்று தொலைக்காட்சிக்கு முன்னால் கேட்டவர். ஐந்து ஆண்டுகளில் இயக்குநர் ஓட்டோ பிரெமிஞ்சர் அவரை இப்படத்தில் நீதிபதி வீவர் ஆக்கினார்.

உள்ளாடை பற்றிய காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு மாற்றுண்டா என்று நீதிபதி இரு தரப்புச் சட்டத்தரணிகளையும் அருகே கூப்பிட்டுக் கேட்கிறார். கிடைக்கவில்லை. சபையைச் சிரித்து முடிக்கவிட்டு, ஒருவர் இறந்திருக்கிறார், இன்னொருவர் சிறை போகக்கூடும் என்று நினைவூட்டுகிறார். குரல் ஏறவே இல்லை, மண்டபம் அடங்கிவிடுகிறது. தொழில்முறை நடிகர் அந்த இடத்தில் கொஞ்சம் கூட்டித்தான் செய்திருப்பார்.

புதுக்கடை நீதிமன்றங்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நமது மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் 7 பேர், தீர்ப்புக்கு ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை போதும். படத்தில் 12 பேரும் ஒருமித்தாக வேண்டும்.

ஒலியில் 5.1 எனும் பல ஒலிபெருக்கித் தடத்தை விட்டு, ஒற்றைத் தடமான மோனோவைத் தெரிவு செய்யுங்கள், மூலப்படம் மோனோதான். தமிழ் உபதலைப்பு கிடையாது, ஆங்கிலம் உண்டு. 161 நிமிடம், கறுப்பு வெள்ளை, படத்தரம் கூர்மை. படத்துக்கு ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் அமைத்த இசை பற்றித் தனி நேர்காணலே வைத்தவர்கள், வெல்ச்சின் செனட் விசாரணைக் காட்சியைச் சேர்க்காதது பெரிய குறை. அவரைப் பற்றிய 1959 லைஃப் சஞ்சிகைக் கட்டுரை உள்ளிருக்கும் சிறுநூலில்தான் இருக்கிறது. பழைய தட்டு வாங்கினால் சிறுநூல் உண்டா என்று பார்த்தே பணம் கொடுங்கள்.