மிதிவண்டிப் பின்விளக்கு: பயன்படுத்திப் பார்த்த பின் ஒரு மதிப்புரை
இருக்கைத் தண்டில் ரப்பர் பட்டையால் மாட்டும் இந்தச் சிவப்பு விளக்கு மிதிவண்டியைத் தொலைவிலேயே காட்டிவிடுவதால், பின்னால் வரும் ஓட்டுநர்கள் கடைசி நொடியில் வண்டியைச் சட்டென்று திருப்பாமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துப் போதிய இடைவெளி விட்டு முந்துகிறார்கள். சாலைப் போக்குவரத்து குறித்த 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை மிதிவண்டியின் பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும் என்கிறது. இதில் அது விளக்கோடு இணைந்தே வருவது பெரிய சிறப்பு. சிமிட்டும் முறையைவிட நிலையாக எரியும் முறையையே பரிந்துரைப்பேன், ஏனெனில் ஓட்டுநர் தூரத்தைக் கணிக்க அதுவே எளிது (ஜெர்மனியில் மிதிவண்டியில் சிமிட்டும் பின்விளக்குக்கு அனுமதியே இல்லை). பொத்தான் மிகச் சிறியது. பட்டை தளர்ந்தால் விளக்கு தரையை நோக்கிச் சாய்ந்து, பின்னால் வருபவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. தயாரிப்பாளர்கள் இதை உடனே சரிசெய்ய வேண்டும்.