தி.நகர் வைரக் கவுன்ட்டர்கள்: நிச்சயதார்த்த மோதிரத்துக்குக் கல் பார்ப்போருக்கு

பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள பெரிய நகைக்கடைகளில் கற்களுக்குக் குறைவில்லை, வெளிச்சம்தான் வில்லங்கம். ஸ்பாட்லைட்டில் சுமாராக வெட்டிய கல்லும் ஜொலிக்கும். வாசல் பக்கம் எடுத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள்; நல்ல கடை மறுக்காது.

விற்பனையாளர் நிறத்தையும் தெளிவையுமே பேசுவார். பணத்தை வெட்டில், அதாவது கல்லைப் பட்டை தீட்டிய நேர்த்தியில், போடுங்கள். வட்டக் கல்லென்றால் ஜிஐஏ (வைரத்தின் தரம் பார்க்கும் அமெரிக்க நிறுவனம்) சான்றிதழில் வெட்டு 'எக்ஸலன்ட்', ஆழம் கல்லின் அகலத்தில் 60 முதல் 62.5 சதவீதம் என்று இருக்க வேண்டும். அதைவிட ஆழமானால் எடை அடியில் ஒளிந்துகொள்ளும்: ஒரு கேரட்டுக்குக் காசு கொடுத்தும் 6.5 மி.மீ. அகலம் தேறாது. 90 சென்ட் (0.90 கேரட்) கல் கண்ணுக்கு ஏறக்குறைய அதே அளவுதான், கேரட் விலையோ குறைவு. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் ஐ நிறமே (I, மிக லேசான மஞ்சள் சாயல்) தாராளம். விஎஸ்2-வுக்கு (VS2, குறைகள் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத தரம்) மேல் தெளிவு தேடுவது, என் கணக்கில், வீண். பாட்டிமார் தோட்டுக்குக் கேட்ட 'ப்ளூ ஜாகர்' (நீலச் சாயல் அடிக்கும் வைரம்) பேச்சை இங்கே இழுக்க வேண்டாம். நீல ஒளிர்வு (புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிர்வது) மிகுந்தால் சில கற்கள் வெயிலில் பால் படிந்ததுபோல் மங்கும்.

கல்லின் விளிம்பில் லேசர் எண் பொறித்திருந்தால் லூப்பில் (நகைக்கடை உருப்பெருக்கிக் கண்ணாடி) படித்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். 18 கேரட் தங்கத்துக்கு 750 முத்திரையும் (75 சதவீதம் தங்கம் என்பதன் குறி) எச்யுஐடியும் (ஒவ்வொரு நகைக்குமான தனி ஹால்மார்க் குறியீடு) அவசியம். திரும்பக் கொடுத்தால் விலையில் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.