மணமெழுகு வில்லை: சோயாவோடு சேர்க்க எது நல்லது, பாரஃபினா தேன்மெழுகா?

மெழுகுவத்தியைத் தாங்கக் கண்ணாடிக் குவளை இருக்கிறது. திரி இல்லாமல், சின்ன விளக்குச் சூட்டில் உருக்கி வாசனை பெறுகிற மணமெழுகு வில்லைக்கு அப்படி எதுவும் இல்லை. அச்சிலிருந்து வந்ததும் தன் காலில் நிற்க வேண்டும், ஒடித்தால் ஒடிய வேண்டும், சூட்டில் சட்டென்று உருகி வாசனை விட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மெழுகிடம் எதிர்பார்க்க முடியாது, அதனால்தான் கலவை.

கடையில் சோயா மெழுகு என்று கேட்டால் பெரும்பாலும் குவளைக்கான மென்மையான ரகத்தைத்தான் தருவார்கள். அது 50 டிகிரியை ஒட்டி உருகுவது. சித்திரை வெயிலில் மூடிக்கிடந்த அறையில் ஒரு தட்டு வில்லையை வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் பார்த்தால் மேலெல்லாம் எண்ணெய் முத்து முத்தாகத் துளிர்த்திருந்தது. எடுத்ததும் விரல் ரேகை அப்படியே பதிந்தது. வாசனை மென்மையாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தனிச் சோயா நம் ஊர்க் கோடைக்குத் தாங்காது.

தனிப் பாரஃபின் நேர் எதிர். சிவகாசித் தீக்குச்சியை முக்குகிற அதே மெழுகு. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாராகிறது. கடையில் அதிகம் கிடைப்பது 58–60 டிகிரி ரகம். ஆறும்போது சுருங்குவதால் அச்சைக் கவிழ்த்தாலே கழன்று விழும். இரண்டு மூன்று நாளில் வாசனை தூக்கலாக வரும். ஆனால் ஒடிக்கும்போது சில்லுச் சில்லாகச் சிதறும். பெட்ரோலியப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒத்துவராது.

என் கை எப்போதும் போவது 70 பங்கு சோயா, 30 பங்கு பாரஃபின் கலவைக்குத்தான். ஒடித்தால் 'டக்'கென்று ஒரே கோட்டில் பிரியும், தூள் உதிராது. சோயாவின் பால் வெள்ளை நிறம் அப்படியே இருக்கும். மல்லிகை மாதிரி மெல்லிய வாசனைகூடப் பக்கத்து அறை வரை போகும். சோயா கலந்திருப்பதால் ஒரு வாரம் மூடி வைத்த பிறகே முழு வாசனையும் தெரியும். ஊற்றிய மறுநாளே உருக்கிப் பார்த்து, வாசனை போதவில்லை என்று எண்ணெயைக் கூட்டிவிடாதீர்கள்.

பாரஃபின் வேண்டாமென்றால் 85 சோயா, 15 தேன்மெழுகு. தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகுவதால் வில்லை நன்றாக இறுகும். சிக்கல் வாசனையில்தான். தேன்மெழுகுக்கென்று ஒரு மணம் உண்டு. அது பட்டை, கிராம்பு, சந்தனத்தோடு அழகாகச் சேரும். மல்லிகையையும் எலுமிச்சையையும் அமுக்கிவிடும். அளவைக் கூட்டினால் சின்ன விளக்குச் சூட்டில் உருகவே நேரமாகும். விலையும் கூடுதல்.

ஸ்டியரிக் அமிலம் 5 சதவீதம் சேர்ப்பவர்களும் உண்டு. கெட்டியாகும், அவ்வளவுதான். வாசனையில் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

செய்முறை எந்தக் கலவைக்கும் ஒன்றுதான். அடுப்பில் நேராக வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். பாரஃபினோ தேன்மெழுகோ முதலில் உருகட்டும், அப்புறம் சோயா. 75 டிகிரி வாக்கில் இறக்கி, 100 கிராம் மெழுகுக்கு 8 கிராம் வாசனை எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். எண்ணெயை மூடிக் கணக்கில் ஊற்றாமல் தராசில் நிறுத்துவிடுங்கள். அளவு மீறினால் மெழுகு அதை ஏற்காமல் அடியில் தேங்கவிடும். மெழுகுக்கென்றே விற்கிற எண்ணெயாகவும் இருக்கட்டும். 60–65 டிகிரிக்கு ஆறியதும் சிலிக்கான் அச்சில் ஊற்றலாம். மிச்சத்தை சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் உறைந்துவிடும்.

கோடையில் வெளியூருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டியிருந்தால் மட்டும் சோயாவைக் குறைத்து 60:40 ஆக்கிக்கொள்கிறேன்.