பத்தேகால் அங்குலத் திரைக்கு ஒரு கண்ணாடி

கார் வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. கோத்தகிரியில் ஒருநாள் காலை வெயில் சாய்வாக உள்ளே விழுந்தபோதுதான் கவனித்தேன்: தொடுதிரை முழுக்க முடி போன்ற மெல்லிய கீறல்கள். குற்றவாளி நானேதான். மூடுபனியில் திரை மங்கும்போதெல்லாம் ஸ்வெட்டர் கையால் துடைத்துவிடுவேன். கம்பளி பாவம், அது என்ன செய்யும்? அதில் ஒட்டியிருக்கும் மண்தூசிதான் கீறுகிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்!

பற்பசை தேய்த்தால் போய்விடும் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நல்லவேளை, மூலையில் மட்டும் சோதித்தேன். பளபளப்பைக் குறைக்கும் மேட் பூச்சு போய், அந்த இடம் மட்டும் இன்றும் எண்ணெய் பூசியதுபோல் மின்னுகிறது.

அப்புறம் ஊட்டியில் ஒரு கடையில் 650 ரூபாய்க்கு, திரைமேல் ஒட்டும் டெம்பர்டு கிளாஸ் (உறுதியாக்கிய கண்ணாடி) வாங்கினேன். அட்டையில் 9எச் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது எந்தப் பென்சில் வரை கீறாது என்று பார்க்கும் கணக்கு; வைரத்துக்குப் பத்து என்று வைக்கும் மோஸ் கடினத்தன்மை அளவில் ஒன்பது, வைரத்துக்குப் பக்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். ஒட்டியதும் கீறல்கள் முக்கால்வாசி மறைந்தன, பசை அவற்றை நிரப்பிவிட்டதுபோல. தொடுவதில் தாமதம் இல்லை. ஆனால் கல்லட்டி இறக்கத்தில் வெயில் எதிரே வந்தால் வரைபடம் தெரியவில்லை, என் மூக்குதான் தெரிகிறது. மேட் வகை இருப்பதாகக் கடைக்காரர் வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே.

ஒரு ஸ்வெட்டர் நூல் உள்ளே மாட்டிக் குமிழியாக நிற்கிறது. அதற்குக் கடையைக் குறைசொல்ல முடியாது. இப்போது கையுறைப் பெட்டியில் மைக்ரோஃபைபர் துணி, ஸ்வெட்டர் பின்சீட்டில்.